ஒரு பந்தும் இரண்டு சம்பந்திகளும்

கண்ணாடிக் கடைக்காரம்மாவுக்கு அந்தக் கோல்ஃப் கிளப்பில் பதினோரு வருஷப் பழக்கம். சேர்ந்தது அவர் ஆசைப்பட்டு இல்லை. தன் முதுகுவலிக்கு நடப்பது நல்லது என்று யாரோ சொன்னதை நம்பி, அவர் கணவர்தான் இருவர் பெயரையும் உறுப்பினர் படிவத்தில் எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாள், மட்டையைத் தோளுக்கு மேல் ஓங்கிய கணவர் ஓங்கியபடியே நின்றுவிட்டார். நான்கு பேர் சேர்ந்து அவரைச் சாய்த்துக் காருக்குள் செருகினார்கள். வீடு போய்ச் சேரும்வரை மட்டை கையைவிட்டு வரவில்லை. "பேரு குடுத்தாச்சு, இனிமே நீயாவது போயிட்டு வா" என்று சொல்லிவிட்டு அவர் நாற்காலியில் சாய்ந்தார். அம்மா போக ஆரம்பித்தார். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அவரை வீட்டில் பார்த்தவர்கள் இல்லை.

கிளப் ஊருக்கு வெளியே, காரில் இருபது நிமிஷம். ஒரு பக்கம் பால் பண்ணை, இன்னொரு பக்கம் மரம் அறுக்கும் பட்டறை. நடுவில் ஒன்பது குழிகள். இரண்டு சுற்றுச் சுற்றினால் பதினெட்டு. ஐந்தாம் குழிக்குப் பக்கத்தில் பண்ணையின் வேலி. அங்கே யார் பந்தைத் தட்டினாலும் மாடுகள் வரிசையாக வந்து நின்று, மாமியார்கள் மருமகள் சமையலைப் பார்ப்பதுபோலப் பார்க்கும். கிளப் கட்டடத்துக்குள் நுழைந்தால் ஈரக் காலுறை நாற்றமும் டீ வாசனையும் சரிபாதி. செயலாளர் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் தட்டச்சு செய்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுவார். 'குளியலறையில் பந்து கழுவ வேண்டாம்.' 'மாடுகளிடம் பந்தைத் திரும்பக் கேட்க வேலி தாண்ட வேண்டாம்.'

இந்தக் கிளப்பில்தான் மூன்று மாதத்துக்கு முன் சர்வேயர் வந்து சேர்ந்தார். அவர் அம்மாவின் சம்பந்தி, மகளின் மாமனார். முப்பத்துநான்கு வருஷம் நிலம் அளந்துவிட்டு ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. இப்போது மகன் வீட்டில் தங்கியிருக்கிறார். அளக்க நிலம் இல்லாததால் வீட்டை அளக்க ஆரம்பித்திருந்தார்.

"அம்மா, நேத்து சமையல் மேடை ஒரு இஞ்ச் சாய்வா இருக்குன்னு கண்டுபிடிச்சிட்டார்" என்று மகள் போனில் புலம்பினாள். "அதுல இருந்து நான் வைக்கற பாத்திரமெல்லாம் எனக்கே சாய்ஞ்சு தெரியுது. அவரை உங்க கிளப்புல சேத்துவிடேன், உனக்குப் புண்ணியமா போகும்."

புண்ணியத்துக்கு ஆசைப்பட்டு அம்மா முன்மொழிந்து கையெழுத்துப் போட்டார்.

அம்மாவுக்கும் சர்வேயருக்கும் இடையே அதுவரை ஒரு சின்ன மனஸ்தாபம்கூட வந்ததில்லை. வருவதற்கு வழியே இல்லை. அவர் "நீங்க சொன்னா சரிதான்" என்பார். இவர் "உங்களுக்குத் தெரியாததா" என்பார். இரண்டு பேரும் ஒரு வாசலை நெருங்கினால், மூன்றாவது ஆள் வந்து உள்ளே போகும்வரை அங்கேயே நிற்பார்கள். மகள் கல்யாணம் முடிந்த கையோடு அம்மா தன் கடையிலேயே உயர்ந்த மூக்குக் கண்ணாடி ஒன்றைத் தன் கையால் செய்து அவருக்குக் கொடுத்திருந்தார். தங்க நிறச் சட்டம். மேல்பாதி தூரத்துக்கு, கீழ்ப்பாதி படிக்க. அம்மா இருக்கும் இடத்துக்கு அதைப் போடாமல் அவர் வந்ததே கிடையாது.

இப்படி இருக்கையில், கிளப்பின் வருடாந்தர ஜோடிப் போட்டி வந்தது. ஒரு ஜோடிக்கு ஒரே பந்து. ஒருவர் அடித்தால், அது விழுந்த இடத்திலிருந்து அடுத்தவர் அடிக்க வேண்டும்; இப்படி மாறி மாறி. எந்த ஜோடி குறைந்த அடியில் பந்தைக் குழியில் போடுகிறதோ, அந்தக் குழி அவர்களுக்கு. செயலாளர் சீட்டுக் குலுக்கிப் போட்டு, முடிவைப் பலகையில் ஒட்டினார். கண்ணாடிக் கடைக்காரம்மாவுக்கு ஜோடி, சர்வேயர்.

அன்று சாயங்காலமே மகள் கூப்பிட்டாள்.

"அம்மா, நீயும் மாமாவும் ஒரே ஜோடியாமே. பார்த்து நடந்துக்கோ. அவர் தப்பா அடிச்சா ஒண்ணும் சொல்லிடாதே."

"நான் என்னடி சொல்லப்போறேன்?"

"நீ சொல்ல மாட்டே. உன் மூஞ்சி சொல்லும்."

அதில் உண்மை இருந்தது. அம்மாவின் முகத்தில் மனசு அப்படியே வந்து உட்கார்ந்துகொள்ளும். வாடிக்கையாளர் பொருந்தாத சட்டத்தை மாட்டிக்கொண்டு திரும்பினால், அவர் வாயைத் திறக்கும் முன்பே அந்த ஆள் கழற்றி வைத்துவிடுவார். ஆகவே அம்மா ஒரு முடிவுக்கு வந்தார். சம்பந்தி அடிக்கும்போது பார்ப்பதே இல்லை. பார்த்தால்தானே முகம் கோணும்?

ஞாயிறு காலை. எதிர் ஜோடி மருந்துக்கடைக்காரரும் அவர் மச்சானும். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். பக்கத்து ஆள் அழுத்த வேண்டிய பிரேக்கைத் தான் மிதிக்கும் பழக்கம் அவருக்குக் கோல்ஃபிலும் போகவில்லை.

"நீங்க முதல்ல அடிங்க சம்பந்தியம்மா" என்றார் சர்வேயர்.

"நீங்க இருக்கும்போது நானா? நல்லா இருக்கே!"

"பெரியவங்க நீங்க, பதினோரு வருஷம்..."

"வயசுல நீங்கதானே..."

"யாராவது ஒருத்தர் அடிங்க சார்" என்றார் மருந்துக்கடைக்காரர். "மாட்டுக்கு மறுபடி பால் கறக்கற நேரம் வந்துடும்."

அம்மா அடித்தார். பந்து நடுப்புல்லில் போய் அழகாக உட்கார்ந்தது. சர்வேயர் போய்ப் பக்கத்தில் நின்றார். காலடியால் அளந்து, கண்ணைச் சுருக்கி, "நூத்தி நாற்பத்திரண்டு கெஜம்" என்று அறிவித்தார். அம்மா முகத்தைத் திருப்பி வானத்தைப் பார்த்தார். பின்னால் 'தொப்' என்று ஈர மண் பெயரும் சத்தம் கேட்டது.

"பிரமாதம் சம்பந்தி!" என்றார் வானத்திடம்.

திரும்பிப் பார்த்தபோது ஒரு செருப்பளவு புல்பத்தை பத்தடி தூரத்தில் கிடந்தது. பந்து இரண்டடி நகர்ந்திருந்தது.

இப்படியே குழி குழியாகப் போயிற்று. அம்மா மேகத்தை எண்ணினார், நகத்தைப் பார்த்தார், பட்டறையில் அடுக்கிய பலகைகளைக் கணக்குப் போட்டார். 'தொப்' கேட்ட போதெல்லாம் "அருமை" என்றார். மரியாதையில் சர்வேயரும் சளைத்தவரில்லை. நான்காம் குழியில் அம்மா அடித்த பந்து நட்டநடு மரத்தில் மோதித் திரும்பியபோது, "மரம் குறுக்க வந்துடுச்சு" என்றார். அந்த மரம் நாற்பது வருஷமாக அங்கேதான் நிற்கிறது.

எதிர் ஜோடி வேறு மாதிரி.

"கண்ணு பின்மண்டையிலயா இருக்கு?" என்பார் மருந்துக்கடைக்காரர்.

"எங்க அக்காவை உனக்குக் கட்டிக் குடுத்தப்பவே தெரியும், உன் வாய் இப்படித்தான்னு. தள்ளி நில்லு" என்பார் மச்சான்.

திட்டு ஒன்றுக்கு அடி ஒன்று என்று அவர்கள் பந்து ஒழுங்காகக் குழியில் போய் விழுந்துகொண்டிருந்தது. எட்டாம் குழிக்கு வந்தபோது சம்பந்திகள் ஐந்து குழி பின்தங்கியிருந்தார்கள்.

ஏழாம் குழியில் சர்வேயர் அடித்த பந்து எந்தப் பக்கம் போயிற்று என்று யாருக்கும் தெரியாமல், தேடி அலுத்து விட்டிருந்தார்கள். எட்டிலும் அடிக்கும் முறை அவருக்கே வந்தது. "அக்கா, இந்தத் தடவையாவது நீங்க கொஞ்சம் பாருங்க" என்று மச்சான் கேட்டுக்கொண்டார். வேறு வழியில்லை. முகத்தை மரக்கட்டையாக வைத்துக்கொண்டு, அம்மா முதல் முறையாகச் சம்பந்தி அடிப்பதைப் பார்த்தார்.

சர்வேயர் பந்தைக் குனிந்து பார்த்தார். முகவாயை உயர்த்தினார். மறுபடி தாழ்த்தினார். பக்கவாட்டில் சாய்த்தார். கோழி தண்ணீர் குடிப்பதுபோல நாலைந்து தடவை தலையை மேலும் கீழும் ஆட்டிவிட்டு, நம்பிக்கை இல்லாமல் மட்டையை வீசினார். 'தொப்'.

இந்தக் கோழித் தலையாட்டத்தை அம்மா இருபத்தாறு வருஷமாகக் கடை வாசற்படியில் பார்த்து வருகிறார். மேலே தூரம், கீழே கிட்டம் என்று செய்த கண்ணாடியைப் புதிதாக மாட்டியவர்கள் படியிறங்கும்போது இப்படித்தான் ஆட்டுவார்கள். குனிந்து பார்த்தால் தரை தெரிவது படிக்கும் பாகத்தின் வழியாக. புத்தகத் தூரத்துக்குச் செய்த கண்ணாடியில் காலடிப் பந்து எப்படித் தெரியும்?

"சம்பந்தி, பந்து உங்களுக்கு எப்படித் தெரியுது?"

"நல்லாத் தெரியுதுங்க."

"உண்மையைச் சொல்லுங்க."

சர்வேயர் மட்டையின் பிடியைத் தடவினார். "தண்ணிக்குள்ள கிடக்கற மாதிரி தெரியும். குனிஞ்சா ஒரு இடத்துல இருக்கு, நிமிர்ந்தா இன்னொரு இடத்துக்குப் போயிடுது. முப்பத்திநாலு வருஷம் அங்குலம் தப்பாம அளந்தவன் நான். இப்போ குத்துமதிப்பா அடிக்கறேன்."

"மூணு மாசமாவா? சொல்லியிருக்கலாமே!"

"எப்படிங்க சொல்றது? ஆசையா செஞ்சு குடுத்தீங்க."

அம்மாவுக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று பார்த்தால் பாதி தன் மேல். எதற்கெல்லாம் போட்டுக்கொள்வீர்கள் என்று கடைக்கு வருகிற ஒவ்வொருவரையும் கேட்டுவிட்டுத்தான் கண்ணாடி செய்வார். சம்பந்தியிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்டால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று விட்டது. இவர் பார்க்காமல் இருந்தார், அவர் தெரியாமல் அடித்தார், நல்ல ஜோடி.

"கழட்டுங்க அதை."

"இல்லீங்க, பரவாயில்ல..."

"கழட்டுங்கன்னு சொல்றேன்ல!"

சர்வேயர் கழற்றினார். பிறகு திருட்டுப் பையன்போலப் பையின் பக்க அறைக்குள் கைவிட்டு, பழைய கண்ணாடியை எடுத்தார். ஒரு காது ஒடிந்து, அதில் சிவப்பு வெள்ளை அளவு நாடாவைச் சுற்றியிருந்தது. அம்மா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதைப் போட்டுக்கிட்டா ரோட்டைத் தாண்டறீங்க? இதுல தூரத்துல ஆளு வந்தா மரமா தெரியும்!"

"ஆனா பந்து தெரியுதுங்க" என்றார் சர்வேயர் குனிந்து பார்த்து. அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "ஒண்ணுதான் இருக்கு. அசையாம இருக்கு!"

அந்தக் குழியை எதிர் ஜோடிக்கே விட்டுக் கொடுத்துவிட்டு, ஆறு குழி பின்தங்கி ஒன்பதாம் குழிக்குப் போனார்கள். அங்கே சர்வேயர் அடித்த அடி, அந்தக் கிளப் அதுவரை அவரிடம் கேட்டிராத சத்தத்தோடு கிளம்பியது. பந்து வானத்தில் ஏறி, அவர் சொன்ன நூற்று முப்பது கெஜத்தில் கச்சிதமாக இறங்கியது. ஆனால் பண்ணைப் பக்கம். வேலி ஓரம் நின்ற மாடு ஒன்று விலகி இடம் விட்டது.

"தூரம் சரி. திசைதான் மங்கலா இருக்கு" என்றார்.

கடைசியில் வழி கண்டுபிடித்தவரும் அவரே. "சம்பந்தியம்மா, கொஞ்சம் முன்னாடி போய் குழிக்கு நேரா நில்லுங்க. நான் உங்களை வெச்சுக் கோடு எடுத்துக்கறேன்."

"அது ஆகுமா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"வழி காட்டலாம், அடிக்கும்போது நகர்ந்துடணும்" என்றார் மச்சான். "விதி தெரியாம விளையாட வந்துட்டே, மருந்துச் சீட்டாவது ஒழுங்காப் படிக்கறியா?"

பத்தாம் குழியில் அம்மா சிவப்புத் தொப்பியோடு முன்னால் போய் நின்றார். அறுபது கெஜம் தள்ளி நின்ற சர்வேயருக்கு அவர் ஒரு சிவப்புப் புள்ளி, அவருக்குப் பின்னால் குழிக்கொடி ஒரு மங்கலான கீற்று. சர்வேயர் ஒரு கண்ணை மூடினார். வலது கையை நீட்டினார். அந்த நொடியில் அவர் இருந்தது கோல்ஃப் மைதானத்தில் அல்ல. ஏதோ பொட்டல் வெளியில், எதிரே கம்பு பிடித்து நிற்கும் ஆளோடு.

"வலது... இன்னும் வலது... ஒரு அடி. போதும். இடது ஒரு சாண்." அம்மா நகர்ந்தார். காற்றில் தொப்பி பறக்கப் பார்க்க, கையை உயர்த்திப் பிடித்தார்.

"ஏய்!" என்று ஒரு குரல் மைதானம் முழுக்க அதிர்ந்தது. "ஆடாம நேரா நில்லு!"

பட்டறையில் மரம் அறுக்கும் சத்தம்கூட நின்றதுபோல இருந்தது. மருந்துக்கடைக்காரர் வாயில் வைத்த பிஸ்கெட்டைக் கடிக்கவில்லை. சர்வேயர் தன் வாயையே கையால் பொத்திக்கொண்டார்.

கல்யாணமாகி வந்தபின் கணவர்கூட அம்மாவை 'ஏய்' போட்டதில்லை.

"நான் நேராத்தான் நிக்கறேன்!" என்று அங்கிருந்தே கத்தினார். "உங்க தலைதான் சாய்ஞ்சிருக்கு! முதல்ல அதை நேரா வையுங்க!"

"என் தலை நேராத்தான் இருக்கு!"

"சமையல் மேடை சாய்ஞ்சிருக்குன்னு சொன்ன தலைதானே அது!"

"சாய்ஞ்சுதான் இருக்கு! ஒரு இஞ்ச்! மட்டம் வெச்சுப் பார்த்தேன்!" என்று சொல்லிக்கொண்டே சர்வேயர், அம்மா நகர்ந்ததும் ஓங்கி அடித்தார். பந்து அம்மா நின்ற இடத்துக்கு மேலாகப் பறந்து, குழியைச் சுற்றிய வழவழப்பான புல்தரையில் இறங்கி, ஆறடியில் நின்றது. அம்மா நடந்து போய் ஒரே தட்டில் அதைக் குழியில் தள்ளினார்.

அதற்குப்பின் அணை உடைந்த கதைதான்.

"எங்க வீட்டுக்கு வந்தப்போ வாசப்படி அரை இஞ்ச் உயரம்னு சொல்லிட்டுப் போயிட்டீங்க. அதுவரைக்கும் நல்லா நடந்துட்டு இருந்த மனுஷன், அதுல இருந்து தினமும் தடுக்கி விழறார்!"

"நீங்க மட்டும்? தினம் காலைல ஆறு மணிக்குப் பொண்ணுக்கு போன் பண்றீங்க. அவ ஸ்பீக்கர்ல போட்டு மேஜை மேல வெச்சுட்டுக் குளிக்கப் போயிடறா. அரை மணி நேரம் நான்தான் 'உம்' கொட்டறேன்!"

அம்மா ஓங்கிய மட்டையை இறக்கினார். "அது நீங்களா? அவளுக்குத் தொண்டை கட்டியிருக்குன்னு நெனச்சேன்!"

"எட்டு மாசமாவா தொண்டை கட்டும்?"

"அப்போ... போன வாரம் நான் உங்களைப் பத்திச் சொன்னது?"

"கேட்டேன். அதுக்கும் 'உம்'னுதான் சொன்னேன்."

அம்மாவுக்கு முகம் சிவந்தது. அடுத்த நொடி சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே அடித்த அந்த அடிதான் அன்று அவர் அடித்ததிலேயே நீளமானது.

எதிர் ஜோடி தடுமாற ஆரம்பித்தது. மருந்துக்கடைக்காரர் பந்தைக் குறி பார்க்கும்போதெல்லாம் காது சம்பந்திகள் பக்கம் போயிற்று. ஒரு வார்த்தையைக்கூடத் தவறவிட அவருக்கு மனசில்லை. மச்சான் சிரித்துச் சிரித்து ஒரு பந்தைக் குட்டையில் போட்டார். பதினைந்தாம் குழிக்கு வரும்போது மூன்று குழி பின்தங்கல், பதினாறுக்கு வரும்போது இரண்டு, பதினேழுக்கு வரும்போது ஒன்று, அதையும் அம்மா மணற்குழியிலிருந்து தோண்டியெடுத்த பந்தால் சமன் செய்தார்கள். கடைசிக் குழி பாக்கி. கிளப் கட்டடத்திலிருந்து டீக் கோப்பையோடு ஏழெட்டுப் பேர் வெளியே வந்துவிட்டார்கள். செயலாளர் ஜன்னலைப் பாதி திறந்து பார்த்தார்.

எதிர் ஜோடி நான்கு அடியில் முடித்துவிட்டது. சம்பந்திகள் மூன்று அடித்துவிட்டார்கள். பந்து குழிக்குப் பக்கத்தில். அம்மா தட்ட வேண்டும். உள்ளே விழுந்தால் சரிக்குச் சரி; இன்னொரு குழி ஆடலாம்.

சர்வேயர் மண்டியிட்டுப் புல்லோடு புல்லாக முகத்தை வைத்துப் பார்த்தார். "ரெண்டடி நாலு அங்குலம். இடது பக்கம் சரிவு. குழிக்கு வலது ஓரமா தட்டுங்க."

"சரிவெல்லாம் ஒண்ணும் இல்ல. நேர்தான்."

"நான் நிலத்தை அளந்தவனுங்க."

"எனக்குக் கண்ணு இருக்கு. நானே கண்ணாடி விக்கறவ."

"இடதுன்னா இடது!"

"நேர்னா நேர்!" அம்மா தட்டினார்.

பந்து நேராகப் போயிற்று. குழியின் உதடு வரைக்கும் போய், அங்கே ஏதோ மறந்தது ஞாபகம் வந்ததுபோல இடது பக்கம் திரும்பி, ஓரமாக நழுவிக் கடந்து போய்விட்டது.

அம்மா பந்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். காலையில் இருந்த சம்பந்தியாக இருந்தால், குழி நகர்ந்துவிட்டது என்று சொல்லியிருப்பார்.

"சொன்னேன்ல?" என்றார் சர்வேயர்.

"ஆமா, சொன்னீங்க. பெரிய இதுதான்" என்றார் அம்மா. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கட்டட வாசலுக்கு வந்தார்கள். யாரும் யாருக்கும் வழிவிடவில்லை. தோள் இடித்துக்கொண்டு உள்ளே போய் டீ குடித்தார்கள்.

விஷயம் மருந்துக்கடை வழியாக மத்தியானத்துக்குள் ஊரைச் சுற்றிவிட்டது. மாத்திரையோடு சேர்த்து ஒவ்வொருவருக்கும் ஒரு தகவல் இலவசம். மகளுக்குப் போய்ச் சேரும்போது, மாமா அம்மாவை மட்டையால் அடிக்கப் போனார் என்று வளர்ந்திருந்தது. அவள் அழுதுகொண்டே கூப்பிட்டாள். "ஒண்ணும் இல்லடி, பேசிக்கிட்டு இருந்தோம்" என்று அம்மா சொன்னதை அவள் நம்பவில்லை. பெரியவர்கள் அப்படித்தான் மறைப்பார்கள் என்று மாப்பிள்ளையிடம் சொன்னாளாம்.

செயலாளர் புதன்கிழமை கடிதம் அனுப்பினார். மைதானத்தில் உரத்த குரலில் குடும்ப விவகாரங்கள் பேசப்பட்டதாகவும், பண்ணைக்காரர் மாடுகள் மிரண்டதாகப் புகார் சொன்னதாகவும், இருவரும் சனிக்கிழமை பிற்பகல் அலுவலகத்துக்கு வந்து கூட்டாக ஒரு வருத்தக் கடிதம் எழுதித் தர வேண்டும் என்றும் அதில் இருந்தது.

சனிக்கிழமை மகளும் மாப்பிள்ளையும் சமாதானம் பேசத் தயாராகக் கிளப்புக்கு ஓடி வந்தார்கள். அலுவலக அறைக் கதவு திறந்தே இருந்தது. செயலாளர் தாழ்வாரத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, காதில் பஞ்சு வைத்து உட்கார்ந்திருந்தார். உள்ளே மேஜையின் இரண்டு பக்கமும் இரண்டு பேர்.

"'பெரிதும் வருந்துகிறோம்'னு எதுக்கு? 'வருந்துகிறோம்' போதும். அவ்வளவு ஒண்ணும் வருத்தமா இல்ல."

"மரியாதைக்கு ஒரு 'பெரிதும்' இருக்கட்டுமே!"

"மரியாதை பண்ணித்தான் மூணு மாசம் கெட்டோம். அடிங்க அதை. அப்புறம், கோடு போட்ட தாள்லயே இப்படிச் சாய்வா எழுதறீங்களே, நீங்கதான் நிலம் அளந்தவரா?"

"பேனா உங்களுது!"

மகளுக்குக் கண்ணில் நீர் கட்டியது. "ஐயோ, பாருங்க, இங்கயும்..." என்று உள்ளே போகக் காலெடுத்து வைத்தாள். மாப்பிள்ளை அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

"வா போலாம். எங்கப்பா இவ்வளவு பேசி நான் கேட்டு ஆறு வருஷம் ஆச்சு."

அரை மணி நேரம் கழித்துச் செயலாளர் பஞ்சை எடுத்துவிட்டு உள்ளே போனார். மேஜை மேல் கடிதம் தயாராக இருந்தது. ஆள் இரண்டும் மைதானத்துக்குப் போயாகிவிட்டது. 'சத்தம் போட்டதற்கு வருந்துகிறோம்' என்று நடுவில் எழுதி, கீழே இரண்டு கையெழுத்து. அதற்கும் கீழே, பொடி எழுத்தில் சர்வேயர் எழுதியிருந்தார்: 'பதினெட்டாம் குழியருகே தரை இடப்பக்கம் சரிவு. நிர்வாகம் அளந்து பார்க்கவும்.'

அதற்குப் பக்கத்தில் அம்மாவின் கையெழுத்தில்: 'தேவையில்லை. நேர்தான்.'

செயலாளர் இரண்டு தடவை படித்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து, ஒரு மட்டப்பலகையை எடுத்துக்கொண்டு, யாரும் பார்க்கவில்லையே என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் பதினெட்டாம் குழியை நோக்கி நடந்தார்.